தலை தேய்ந்த திருகும் பழைய மோட்டார் சைக்கிளும்

பழங்காநத்தத்துச் சாலையோரத்தில், மாடக்குளம் கண்மாயை நோக்கிச் செல்லும் வழியில், ஒரு தகரக் கொட்டகையின் நிழலில் நம் சங்க அங்கத்தினர் ஒருவருடைய மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அவர் மல்லிகை பயிரிடுபவர். விடியுமுன் மொட்டுகளைப் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது அவருடைய அன்றாட வேலை. நேரம் தப்பினால் மொட்டின் விலை இறங்கிவிடும்; நாளை வரை வைத்திருப்போம் என்று சொல்லக்கூடிய சரக்கன்று அது. வண்டியோ யமகா ஆர்.எக்ஸ். 100. 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் செய்யப்பட்டுப் பின்னர் நிறுத்தப்பட்ட வகை. கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிட்டது. பூக்கூடையை ஏற்றிக்கொண்டு பாலம் ஏறும்போது இஞ்சின் ஓலமிடுகிறதேயன்றி வண்டி ஏறவில்லை.

கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிட்டன. புதியவற்றை மாற்ற வேண்டும். மாற்றுவது அரை நாள் வேலைதான். ஆனால் தட்டுகளைக் காண்பதற்கு முன் இஞ்சினின் வலப்புற மூடியைக் கழற்ற வேண்டும். அம்மூடியைப் பிடித்திருக்கும் திருகுகளில் மூன்றின் தலைகள் முன்னமே எவராலோ சிதைக்கப்பட்டிருந்தன. கூட்டல் குறி போன்ற பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமான ஒரு குழியே மிஞ்சியிருந்தது. அங்கத்தினர் பொறுமை இழந்து வெட்டுளியையும் பெரிய சுத்தியலையும் எடுத்துவிட்டார். "தம்பி, சற்றுப் பொறுங்கள், திருகு போனால் வாங்கிவிடலாம், மூடி உடைந்தால் எங்கே போவீர்கள்?" என்று தடுத்தோம். "அண்ணே, நாளைக்குப் பூ போகாவிட்டால் என்ன செய்வது?" என்று அவர் கேட்டார். அக்கேள்வி நியாயமானதே. மறுநாள் பூவை வேறொரு அங்கத்தினரின் வண்டியில் அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு, வேலையை நிதானமாகத் தொடங்கினோம். அவ்வேலையில் கண்டறிந்தவற்றையே இம்மாதப் பாடமாக அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

நெசவாளரானாலும் குடியானவரானாலும் நம்மவருள் பலரிடம் இருப்பவை பழைய வண்டிகளே. நூற்சிப்பங்களும், நெய்த சேலைக் கட்டுகளும், உரமூட்டைகளும் இவ்வண்டிகளின் முதுகிலேதான் போய் வருகின்றன. பழைய வண்டியைப் பழுது பார்க்கையில் பத்துக்கு ஒன்பது தடவை நம்மைத் தடுத்து நிறுத்துவது இஞ்சினின் நுட்பம் அன்று. ஒரு சிறு திருகேயாம். ஆதலின் இப்பாடத்தைச் சிரத்தையுடன் படிக்க வேண்டுகிறோம்.

திருகு ஏன் இறுகுகிறது?

இஞ்சின் கூடும் அதன் மூடியும் அலுமினியக் கலவையால் ஆனவை. திருகோ எஃகு. இவ்விரு உலோகங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, இடையே உப்பு கலந்த ஈரம் புகுமாயின், டார்ச் விளக்கின் பாட்டரியில் நடைபெறுவது போன்ற ஒரு மின்வேதி மாற்றம் அங்கே தொடங்கிவிடும். அதில் தேய்வது எஃகு அன்று, அலுமினியம். அரிக்கப்பட்ட அலுமினியம் வெண்மையான பொடியாகிறது. அப்பொடி, தான் முன்பு உலோகமாக இருந்தபோது பிடித்த இடத்தைக் காட்டிலும் அதிக இடத்தைப் பிடிக்கும். மரையின் இடுக்குகளில் அப்பொடி நெருக்கிக்கொள்ள, திருகு ஆப்பு வைத்தாற்போல இறுகிவிடுகிறது.

இதில் நம் தொழில்களுக்கும் பங்குண்டு. பொட்டாஷ் உரமாகிய மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு. சாயம் தோய்க்கும் தொட்டியிலும் உப்பு சேர்க்கிறோம். ஒழுகும் உரமூட்டையையும் ஈரம் உலராத சாய நூலையும் வண்டியில் ஏற்றினால், அவற்றினின்று வடியும் நீர் இஞ்சினின் மீதே விழுகிறது. சுமை இறக்கியபின் ஒரு குடம் நல்ல நீரை ஊற்றிக் கழுவிவிட்டால், பல ஆண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் ஒரு தொல்லை அன்றே நீங்கும்.

இறுகுவதற்கு வேறு இரு காரணங்களும் உண்டு. முன்பு பூட்டியவர் வேண்டியதற்கு மேல் முறுக்கியிருப்பது ஒன்று. மூடிக்கும் கூட்டிற்கும் இடையே வைத்த பேக்கிங் காகிதத்தில் பூசிய பசை மரைக்குள் இறங்கிக் காய்ந்திருப்பது மற்றொன்று.

பள்ளமும் திருப்புளியும்

கூட்டல் குறிப் பள்ளமுடைய திருகுகள் யாவும் ஒரே இனம் என்று நாம் எண்ணுகிறோம், அஃது பிழை. அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரத்தவரான ஹென்றி பிலிப்ஸ் என்பவர் 1936ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற திருகு வகையே 'பிலிப்ஸ்' எனப்படுகிறது. நம் ஊர்க் கடைகளில் விற்கும் திருப்புளிகளில் பெரும்பாலானவை இவ்வகைக்கு உரியன. ஜப்பானியர் தம் வண்டிகளில் வைத்த திருகுகளோ தம் நாட்டுத் தர அளவையைப் பின்பற்றியவை. தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தவை போல இருப்பினும், பள்ளத்தின் ஆழத்திலும் மூலைகளின் வளைவிலும் சிறு வேற்றுமை உண்டு. பிலிப்ஸ் திருப்புளியை ஜப்பானியத் திருகில் வைத்தால் அது பள்ளத்தின் அடிவரை முழுமையாகப் பொருந்தாது; முறுக்கியவுடன் மேலே ஏறி நழுவும். நழுவும்போதெல்லாம் பள்ளத்தின் விளிம்பை ஒரு வழி வழித்துக்கொண்டே வெளியேறும். நாலைந்து தடவை நழுவினால் கூட்டல் குறி வட்டக்குழி ஆகிவிடுகிறது.

1984இல் இந்த்-சுசூகி, 1985இல் ஹீரோ ஹோண்டா, அதே ஆண்டில் யமகா என ஜப்பானிய வரைவில் அமைந்த 100 சி.சி. வண்டிகள் நம் சாலைகளுக்கு வந்தன. அவற்றுக்கு முன்பிருந்த வண்டிகளுக்கு வாங்கிய திருப்புளிகளையே இவற்றுக்கும் பயன்படுத்தினோம். பழைய வண்டிகளில் இத்தனை திருகுத் தலைகள் சிதைந்து கிடப்பதற்கு இதுவே பெரும் காரணம். ஜப்பானியத் தர அளவைத் திருகின் தலையில் பல சமயம் ஒரு சிறு புள்ளி பொறித்திருக்கும். அப்புள்ளியைக் கண்டால் அதற்குரிய திருப்புளியையே எடுக்க வேண்டும். கிடைக்காவிடில், பிலிப்ஸ் திருப்புளியின் கூர்முனையை அரைச்சக்கரத்தில் சிறிதளவு மட்டும் தேய்த்து மழுக்கினால் முன்னிலும் ஆழமாகப் பொருந்தும். அளவும் முக்கியம். 6 மி.மீ. திருகுக்கு மூன்றாம் எண் முனையே உரியது. வீட்டில் இருக்கும் இரண்டாம் எண் முனை அதில் ஆடும்.

மரையின் இனம் அறிதல்

திருகை எடுப்பது ஒரு பாதி; அவ்விடத்தில் சரியான திருகை வைப்பது மறுபாதி. 1841இல் ஆங்கிலப் பொறியாளரான ஜோசப் விட்வொர்த் ஒரு பொதுவான மரை அளவை முன்மொழிந்தார். அதில் மரைப்பற்களின் கோணம் 55 பாகை. அளவுகள் அங்குலக் கணக்கு. இப்போது எங்கும் வழங்கும் மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை, அளவு மில்லிமீட்டர். 1955ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொடங்கப்பட்ட என்பீல்டு இந்தியா நிறுவனத்தின் பழைய புல்லட் வண்டிகளில் அங்குல இன மரைகள் பல இடங்களில் உள்ளன. ஜப்பானிய வரைவு வண்டிகள் முற்றிலும் மெட்ரிக். ஒன்றுக்குரிய போல்ட்டை மற்றொன்றில் வைத்தால் முதல் இரண்டு சுற்று ஏறும். மூன்றாவது சுற்றில் இறுகும். "இறுகுகிறது, நல்லது" என்று முறுக்கினால் அலுமினிய மரை அறுந்து போகும். விரலால் ஏறாத திருகை ஸ்பேனரால் ஏற்றலாகாது என்பது இத்தொழிலில் முதல் விதி.

திருகின் திசையையும் அறிய வேண்டும். சைக்கிளின் இடப்பக்கப் பெடல் எதிர்த்திசை மரை உடையது என்பதைச் சிறுவரும் அறிவர். மோட்டார் சைக்கிளிலும் சுழலும் தண்டுகளின் முனையில் இவ்வாறான இடமரை நட்டுகள் சில உண்டு. மூடித்திருகுகள் யாவும் வலமரையே. எனினும் மூடிக்கு உள்ளே போகுமுன் அந்தந்த வண்டியின் கைப்புத்தகத்தைப் பார்த்தல் நலம்.

வேலையைத் தொடங்குமுன்

முதலாவது, வண்டியை நடுநிலைத் தாங்கியில் நிறுத்திக் கழுவித் துடைக்க வேண்டும். மண்ணோடு மூடியைக் கழற்றினால் அம்மண் முழுவதும் கிளட்சுக்குள் விழும்.

இரண்டாவது, கியர் எண்ணெயை வடித்துவிட வேண்டும்.

மூன்றாவது, ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, திருகு இருக்கும் இடங்களில் எல்லாம் துளையிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கழற்றும் ஒவ்வொரு திருகையும் அதற்குரிய துளையிலேயே செருக வேண்டும். ஒரே மூடியில் நீளம் வேறுபட்ட திருகுகள் இருக்கும். நீளமான திருகு குட்டையான துளைக்குள் போனால் அடியில் முட்டிக் கூட்டையே விரியச் செய்யும். தறியில் இழை மாறாமல் புணி பிணைக்கும் நெசவாளருக்கு இந்த ஒழுங்கைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, நல்ல திருகுகளை முதலில் முழுவதும் கழற்றிவிடலாகாது. எல்லாவற்றையும் கால் சுற்று மட்டும் தளர்த்தி நிறுத்த வேண்டும். நல்லவை யாவும் வெளியே வந்துவிட்டால் மூடியின் இழுப்பு முழுவதும் கெட்டுப்போன திருகின் மீதே விழும். அது மேலும் இறுகும்.

மென்மையிலிருந்து வன்மைக்கு

இப்பாடத்தின் சாரம் இத்தலைப்பிலேயே அடங்கும். திருகுக்குத் தீங்கு குறைந்த முறையை முதலிலும், தீங்கு மிகுந்த முறையைக் கடைசியிலும் கையாள வேண்டும். கடைசிப் படியை முதலில் மிதித்தவர் திரும்பி ஏற முடியாது.

முதற்படி, பள்ளத்தைச் சுத்தம் செய்தல். கோணி ஊசி கொண்டு பள்ளத்தில் உறைந்த மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுரண்டி எடுக்க வேண்டும். கெட்டுவிட்டது என்று நாம் நினைத்த திருகுகளில் ஒன்று, மண் நீங்கியதும் திருப்புளியை முழுமையாக ஏற்றுக்கொண்டு கழன்று வந்தது.

இரண்டாம் படி, எண்ணெய் ஊறவிடுதல். துருநீக்கி எண்ணெய் டப்பாவில் விற்கிறது. அது இல்லையெனில் டீசலில் சிறிது இஞ்சின் எண்ணெய் கலந்து திருகின் தலையைச் சுற்றிச் சில சொட்டுகள் விட்டுத் தலையின் மீது சிறு சுத்தியலால் பத்துப் பதினைந்து தடவை தட்ட வேண்டும். அந்த அதிர்ச்சியால் வெண்பொடி விரிசல் கண்டு எண்ணெய்க்கு வழி விடும். பிறகு ஓர் இரவு அப்படியே விட வேண்டும். இரவு முழுவதும் எண்ணெய் வேலை செய்கிறது, அதற்குக் கூலியில்லை.

மூன்றாம் படி, பிடிப்பை மீட்டல். பள்ளத்தின் விளிம்பில் பிதுங்கி நிற்கும் உலோகத்தை உருண்டைத்தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டி உள்ளே அமர்த்த வேண்டும். பின்பு சரியான திருப்புளியை அதன்மேல் வைத்து ஓரடி அடித்தால், பள்ளம் ஓரளவு பழைய வடிவம் பெறும். வால்வு தேய்க்கும் பசையை முனையில் சிறிது தடவினால் அதிலுள்ள மணற்பொடி வழுக்கலைத் தடுக்கும். உடல் எடையைத் திருப்புளியின் மீது சாய்த்து, முதலில் மயிரிழையளவு இறுக்கும் பக்கம் திருப்பிப் பின் கழற்றும் பக்கம் திருப்புக. பாசி போல் ஒட்டியது இவ்வாறே முதலில் விடுபடும்.

நான்காம் படி, இம்பாக்ட் டிரைவர் என்னும் கருவி. இஃது உருளை போன்ற கைப்பிடியும் முனையும் உடையது. பின்புறத்தில் சுத்தியலால் அடித்தால் உள்ளிருக்கும் சாய்வுப்பள்ளம் அந்த அடியைச் சுழற்சியாக மாற்றுகிறது. இதன் சிறப்பு யாதெனில், முனையைப் பள்ளத்துக்குள் அழுத்துவதும் திருப்புவதும் ஒரே கணத்தில் நடப்பதே. கை திருப்புளி நழுவுவதற்குக் காரணமே அவ்விரண்டும் ஒன்று சேராமையாகும். கருவியைக் கழற்றும் திசையில் அமைத்து, கையால் இடப்பக்கம் சற்று முறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேராக ஓர் உறுதியான அடி கொடுக்க வேண்டும். தயங்கித் தயங்கிப் பத்து அடி அடிப்பதைவிட நேரான ஓரடி மேல். இரண்டாவது திருகு இதிலேயே அசைந்தது.

ஐந்தாம் படி, வெப்பம். ஒரு பாகை வெப்பம் ஏறும்போது அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். எஃகு ஏறத்தாழ 12 பங்கே விரியும். 6 மி.மீ. துளை 100 பாகை சூடேறினால் துளைக்கும் திருகுக்கும் இடையே ஏறத்தாழ 0.0066 மி.மீ. இளக்கம் கிடைக்கும். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குதான் அது. ஆனால் ஒட்டிக்கொண்ட பொடியை உடைக்க அது போதும். கொதிக்கும் நீரைத் திருகைச் சுற்றிலும் ஊற்றுவதே பாதுகாப்பான வழி. தீச்சுடர் விளக்கைப் பயன்படுத்துவோர் பெட்ரோல் தொட்டியைக் கழற்றித் தொலைவில் வைத்த பின்னரே பற்ற வைக்க வேண்டும். எண்ணெய் படிந்த துணியும் அருகில் ஆகாது. ரப்பர் சீல்கள் இருக்கும் இடத்தில் சுடரைக் காட்டலாகாது. துளி நீர் தெளித்தால் சுரீர் என்று ஆவியாகும் அளவே போதுமானது. அலுமினியம் சிவந்து எச்சரிக்காமலே உருகிவிடும் உலோகம் என்பதை மறத்தலாகாது.

ஆறாம் படியே வெட்டுளி. தலை வெளியே துருத்தி நிற்கும் திருகாயின், தலையின் ஓரத்தில் சிறு வெட்டுளியைச் சாய்வாக வைத்துக் கழற்றும் திசையில் தட்டலாம். பிடித்தவுடன் பூட்டிக்கொள்ளும் குறடு இருந்தால் தலையைச் சுற்றிப் பிடித்தும் திருப்பலாம். தலை மூடிக்குள் அமிழ்ந்திருந்தால் வெட்டுளியை எடுக்கவே வேண்டா. உளி நழுவினால் திருகு அன்று, மூடியே வெட்டுப்படும்.

தலையைத் துளைத்தெடுத்தல்

மூன்றாவது திருகு இவை எதற்கும் இணங்கவில்லை. ஆதலின் அதன் தலையைத் துளைத்தெடுக்க முடிவு செய்தோம். இதைக் கேட்டதும் அங்கத்தினர் முகம் வாடினார். உண்மையில் அஞ்ச வேண்டியதில்லை; இதுவே பல சமயம் மிக எளிய வழியாக முடியும்.

காரணத்தைக் காண்போம். திருகைப் பிடித்திருப்பது மரை மட்டும் அன்று. அதன் தலை மூடியை அழுத்த, மூடி தலையை எதிர்த்து அழுத்த, திருகு முழுவதும் முறுக்கிய கயிறு போல இழுவிசையில் நிற்கிறது. தலை போய்விட்டால் அவ்விழுப்பு அக்கணமே நீங்கும். மூடியை வெளியே எடுத்த பின் திருகின் தண்டு மூடியின் தடிப்பளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் குறடால் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் சுலபமாகவே வந்துவிடும்.

செய்முறை இது. தலையின் சரியான நடுவில் சென்டர் பஞ்சினால் ஒரு குழி இட வேண்டும். 3 மி.மீ. டிரில் முனையால் தலையின் தடிப்பளவு மட்டும் வழித்துளை இட வேண்டும். பின்பு 6 மி.மீ. முனையால் அதனைப் பெரிதாக்க வேண்டும். எஃகைத் துளைக்கையில் டிரில் மெதுவாகச் சுழல வேண்டும். சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட வேண்டும். சிறிது துளைப்பதும் நிறுத்திப் பார்ப்பதுமாகச் செய்தால், தலை வளையம் போலக் கழன்று டிரில் முனையோடு சுழலத் தொடங்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் டிரிலைத் தொடலாகாது.

பிறகு மற்றத் திருகுகளை எடுத்துவிட்டு மூடியைக் கழற்றினோம். மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் இடுக்கில் திருப்புளியைச் செருகி நெம்புவது பெரும்பாலோர் செய்யும் பிழை. அந்த ஒரு நெம்பலில் ஏற்படும் கீறலின் வழியே எண்ணெய் காலமெல்லாம் ஒழுகும். மரக்கொட்டாப்புளியால் மூடியின் விளிம்பைச் சுற்றிலும் தட்டினால் தானே விடும். நீட்டி நின்ற தண்டைக் குறடால் பிடித்தோம். அரைச் சுற்று முனகியது. பிறகு விரலுக்கே வந்தது. அங்கத்தினர் அதை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்டும் ஒடிந்துவிட்டால்

தண்டு துளையோடு துளையாக ஒடிந்து நின்றால் வேலை கடினமாகும். இங்கே நம்முடைய பழைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுதல் முறை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு புல்லட் வண்டியில் ஒடிந்த திருகை எடுக்க, இடமரை கொண்ட கூம்பு வடிவக் கருவியை வாங்கினோம். எண்ணெய் ஊற விடவில்லை, சூடும் காட்டவில்லை. அவசரத்தில் வலிந்து முறுக்கினோம். கருவி உள்ளேயே ஒடிந்தது. அக்கருவி மிகக் கடினமான எஃகால் ஆனது. சாதாரண டிரில் முனை அதன்மேல் ஏறாது. ஒரு திருகை எடுக்கப் போய் அதைவிடக் கடினமான இரும்பை உள்ளே புதைத்துவிட்டோம். இஞ்சின் முழுவதையும் இறக்கி லேத் பட்டறைக்குக் கொண்டு சென்று, பத்து நாள் கழித்தே மீண்டும் வண்டியில் ஏறினோம். அன்று முதல், இக்கருவியைத் தொடுமுன் எண்ணெயும் வெப்பமும் முயன்று பார்த்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்கிறோம்.

ஒடிந்த தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியே வெல்டிங் செய்து, ஸ்பேனரால் திருப்புவது மற்றொரு முறை. வெல்டிங்கின் வெப்பமே திருகைத் தளர்த்திவிடுவதால் இது பலன் தரும். ஆனால் தேர்ந்த கைக்கு உரிய வேலை; வண்டியின் பாட்டரி இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். வேறு வழி இல்லையெனில் தண்டை நடுவிலிருந்து துளைத்து, மரையைப் புதிதாக வெட்ட வேண்டும். 5 மி.மீ. மரைக்கு 4.2, 6 மி.மீ. மரைக்கு 5, 8 மி.மீ. மரைக்கு 6.8 மி.மீ. எனத் துளை அளவுகளைக் குறித்துக்கொள்க. டேப்பை அரைச் சுற்று முன்னும் கால் சுற்றுப் பின்னுமாக, எண்ணெய் விட்டு, நேராகச் செலுத்த வேண்டும். மரை முழுவதும் அறுந்திருப்பின் பெரிய துளையிட்டுச் சுருள்கம்பி மரை பொருத்தித் தருவார்கள். அது பழைய அலுமினிய மரையைக் காட்டிலும் உறுதியானது.

திரும்பப் பூட்டுதல்

சீவல்கள் உள்ளே விழுந்திருக்கக்கூடும். எஃகுச் சீவலைக் காந்தம் எடுக்கும். அலுமினியச் சீவலை எடுக்காது. ஆதலின் துணியால் துடைத்துப் பார்த்தே மூட வேண்டும். மரைத்துளைகளில் டேப்பை ஒருமுறை ஓட்டிப் பழைய பொடியை நீக்க வேண்டும். புதிய பேக்கிங் வைக்க வேண்டும்.

சிதைந்த தலையுடைய திருகை மீண்டும் பூட்டுவது அடுத்த முறை வரப்போகும் துன்பத்துக்கு இன்றே விதை ஊன்றுவதாகும். அவற்றுக்குப் பதிலாக அதே நீளமுள்ள ஆலன் போல்ட்டுகளைப் போட்டோம். இவற்றின் அறுகோணப் பள்ளம் எளிதில் சிதையாது. மரையில் கிரீசு சிறிது தடவினால் ஈரம் புகாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: ஆலன் சாவியில் கையின் வலிமை முழுவதும் இறங்கும். தலை தேயாது, ஆதலால் மரை அறுந்து போகும். 6 மி.மீ. போல்ட்டை அலுமினியத்தில் 0.8 முதல் 1 கிலோ-மீட்டர் முறுக்குக்கு மேல் இறுக்கலாகாது. 10 செ.மீ. நீளச் சாவியின் முனையில் 8 முதல் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போன்ற விசை அது. குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று தவணையில் இறுக்க வேண்டும். போல்ட் அலுமினியத்துக்குள் தன் பருமனைப்போல் ஒன்றரை முதல் இரு மடங்கு ஆழம் இறங்கியிருக்க வேண்டும். அதாவது 6 மி.மீ. போல்ட்டுக்கு 9 முதல் 12 மி.மீ.

மூன்றாம் நாள் விடியற்காலை அவ்வண்டி பூக்கூடையோடு பாலத்தின் மேல் ஏறிச் சென்றது.

ஒரு பெட்டி, பல வண்டிகள்

கடைசியாக ஒன்று. இப்பாடத்தில் கூறிய கருவிகள் எவை? ஜப்பானியத் தர அளவைத் திருப்புளி ஒன்று, இம்பாக்ட் டிரைவர் ஒன்று, பூட்டிக்கொள்ளும் குறடு, சென்டர் பஞ்சு, மூன்று அளவு டேப்புகள், அவற்றுக்குரிய டிரில் முனைகள், ஆலன் சாவிகள். இவற்றை ஓர் அங்கத்தினர் தனியாக வாங்கினால் ஆண்டுக்கு இருமுறை பயன்படும். மற்ற நாளெல்லாம் துருப்பிடிக்கும். வாங்காதவரோ வெட்டுளியை எடுக்கிறார். உற்பத்தி நின்றுபோன வண்டியின் மூடி உடைந்தால், அதைத் தேடிப் பழைய சாமான் கடைகளில் அலைய வேண்டும்; அலையும் நாளெல்லாம் பிழைப்பு நின்றுவிடும்.

1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தோடு நம் நாட்டில் வேரூன்றிய எண்ணம் எளிமையானது: தனியொருவருக்கு எட்டாததைப் பலர் கூடி எட்டலாம். அது பணத்துக்கு மட்டும் உரிய எண்ணம் அன்று, திருப்புளிக்கும் உரியது. சங்கக் கட்டடத்தில் ஒரு கருவிப்பெட்டி, அதற்கு ஒரு பதிவேடு, எடுத்தவர் துடைத்து எண்ணெய் தடவித் திருப்பித் தருவது என்ற ஒரு விதி. இவ்வளவே வேண்டுவது. மல்லிகைத் தோட்ட அங்கத்தினரே இதனை அடுத்த பொதுக்கூட்டத்தில் முன்மொழிய முன்வந்திருக்கிறார். துளைத்தெடுத்த அந்தத் திருகுத் தண்டைத் தாமே பெட்டிக்குள் முதலில் போட்டு வைப்பதாகவும் கூறுகிறார். அவசரப்படுவோர் கண்ணில் படட்டும் என்பது அவர் எண்ணம்.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. எஃகுத் திருகு அலுமினியக் கூட்டில் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் என்ன? உரமும் சாய உப்பும் அதை எவ்வாறு விரைவுபடுத்துகின்றன?

2. நல்ல திருகுகளை முதலில் முழுவதும் கழற்றலாகாது என்பது ஏன்?

3. தலையைத் துளைத்தெடுத்தபின் தண்டு எளிதாக வருவதற்குக் காரணம் யாது?

4. உங்கள் வண்டியின் மூடித்திருகுகளைப் பார்த்து வருக. எத்தனை சிதைந்துள்ளன? அவற்றுள் எவற்றுக்கு ஓர் இரவு எண்ணெயே போதுமானது என்று கருதுகிறீர்கள்?